பழைய கேரவனில் ஓ.பி.டி. போர்ட்: ஐந்நூறு ரூபாய் புளூடூத் அடாப்டர் எதுவரை உதவும்?

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி வைத்திருப்பவர் இன்ஜின் கணினியைப் படிக்க உதவும் ஓ.பி.டி. போர்ட் எங்கே என்று கேட்டால், என்ன இன்ஜின் என்று திருப்பிக் கேளுங்கள். மெர்சிடிஸ் வழிவந்த பழைய ஓ.எம்.616 டீசல் என்றால் டாஷ்போர்டைப் பிரிக்கவே வேண்டாம். முழுக்க மெக்கானிக்கல் பம்ப், ஈ.சி.யூ. எனும் அந்தக் கணினியே இல்லாத வண்டியில் போர்ட் எதற்கு?

கீழ்பென்னாத்தூரில் நான் பார்த்தது நண்பரின் பி.எஸ்.4 காமன் ரெயில் வண்டி. பொதுத் தரப்படி 16 பின் போர்ட் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டடிக்குள் இருக்க வேண்டும். ஆனால் கேரவன் கட்டியவர்களுக்கு அழகுதான் முக்கியம். டாஷ்போர்டுக்குக் கீழே பிளைவுட் அடித்து, மேலே ரெக்சின் ஒட்டியிருந்தார்கள். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, கிளட்ச் பெடல் பக்கம் தலையை விட்டு மல்லாந்து படுத்தும் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கையால் துழாவியதில்தான் கிடைத்தது: ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால், ஸ்பீக்கர் வயர்களோடு சேர்த்து டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல். தடவிப் பார்த்தாலே தெரியும்.

அடாப்டரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியவில்லை. கூட இருந்த மெக்கானிக் சிரித்தார். "லைட்டர்ல ஃபேன் கீன் மாட்டி ஓட்டுனீங்களா சார்?" மாட்டியிருந்தார் நண்பர். 16-ஆம் பின்னுக்கு வரும் பேட்டரி கரண்ட்டும் சிகரெட் லைட்டரும் பல வண்டிகளில் ஒரே ஃப்யூஸில் இருக்கும். மல்டிமீட்டரை 4-க்கும் 16-க்கும் நடுவே வைத்தால் பேட்டரியின் 12 வோல்ட் வர வேண்டும். இங்கே பூஜ்யம். ஃப்யூஸை மாற்றியதும் விளக்கு எரிந்தது.

அடாப்டர் வழக்கமான ஈ.எல்.எம்.327 நகல். பெட்டியில் 'வெர்ஷன் 1.5' என்று போட்டிருக்கிறது. அந்த சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் அப்படியொரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை! கம்பெனியும் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. போலி என்றாலும் அடிப்படை வேலைக்குப் பழுதில்லை. ஆண்ட்ராய்டு போனில் 1234 என்று கொடுத்து இணைத்து, கார் ஸ்கேனர் ஆப்பைத் திறந்ததும் ஆர்.பி.எம்., கூலன்ட் சூடு, பேட்டரி வோல்டேஜ் மூன்றும் வந்தன. செஞ்சி ரோட்டில் ஓட்டும்போது ஆர்.பி.எம். முள் ஒரு கணம் பின்தங்கியே நகர்ந்தது. கூலன்ட் சூட்டைக் கவனிக்க அது போதும். ஏ.பி.எஸ். பக்கம் மட்டும் எட்டவே இல்லை. அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான். ஐபோன்காரர்கள் இந்த ரகத்தை வாங்க வேண்டாம். சாதாரண புளூடூத் அதில் சேராது, வைஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி ரகம் வேண்டும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பிழைக் குறியீட்டை அழிக்கும் பட்டனும் ஆப்பில் இருக்கிறது. அழிக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே துப்பு அதுதான்.

என் கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்கு இது லாபம்தான். வாங்கினால் பக்கவாட்டில் ஆன்-ஆஃப் சுவிட்ச் உள்ள ரகமாகப் பாருங்கள். சாவியை எடுத்தாலும் 16-ஆம் பின்னில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கிரிவலத்துக்கு வந்து வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிற கேரவனில், செருகி மறந்த அடாப்டரே பேட்டரியைக் காலி செய்துவிடும்.