பாவை விளக்கும் போர்க்கவசமும்

கிழக்கேகோட்டை பத்மநாபசுவாமி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கேம் ஆடும் பையன்கள் தங்கள் நாயகியரை வெளியிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் சீவேலிப்புரை என்ற தூண் மண்டபத்துக்குள் வர வேண்டும். வந்தால் தூணுக்குத் தூண் வேறு நாயகியர்: கருங்கல் பாவை விளக்குகள், 18ஆம் நூற்றாண்டுத் திருப்பணி.

ஒருத்தியின் முன் நின்று பாருங்கள். திரண்ட மார்பு, ஒடுங்கிய இடை; மேலே துணி இல்லை, ஆரங்கள்தான். இயற்கையில் யாருக்கும் இப்படி அமையாது. சிற்பி வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் வடித்திருக்கிறார். ஆனாலும் கண் அங்கே தங்குவதில்லை. அகல் ஏந்திய கைகளுக்குப் போய்விடுகிறது. எண்ணெய் சிந்திவிடக் கூடாதே என்ற கவனம் தோளிலும் தெரிகிறது. அந்த உடம்பு முழுக்க அந்தக் கைகளுக்காகத்தான் நிற்கிறது. கோயில் சிற்பத்தில் ஆணுக்கும் வெற்று மார்புதான். இன்றைக்கும் நாம் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறோம்!

கேம்களில் நான் தேடுவதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான இந்த அளவுகோலைத்தான். 1998இல் வந்த ‘சோல்காலிபர்’ சண்டை விளையாட்டில் நைட்மேருக்குக் கனத்த இரும்புக் கவசம். அதே களத்தில் ஐவிக்கு உடம்போடு ஒட்டிய சில துண்டுகள். வாள் என்னவோ இருவர் மேலும் ஒரேபோலத்தான் விழும். இது பெண்ணை மட்டம் தட்டும் வேலையா என்றால், ஆமாம். தோல் தெரிவது எனக்குப் பெரிதில்லை. ஐவியின் தொழிலான சண்டையைப் பற்றி ஓவியர் யோசிக்கவே இல்லை என்பதுதான் உறுத்துகிறது. அதே பெயர் கொண்ட கேமின் நாயகி பேயோனெட்டாவும் கவர்ச்சிப் பதுமைதான். மாரி ஷிமாசாகி என்ற பெண் வடிவமைத்த பாத்திரம் அவள். கூந்தலே ஆடை, அதுவே ஆயுதம். கேமரா சில இடங்களில் அசடு வழிந்தாலும் அவள் அசடு இல்லை. 2020இல் புனேக்காரர்கள் செய்த ‘ராஜி’யின் நாயகி சர்க்கஸ்காரி, தூணைப் பிடித்துச் சுழன்று அடிக்கும்போது அந்தப் பயிற்சி தெரிகிறது.

கோயில் கல்லைப் புகழ்வதால் அதை எழுப்பிய சமஸ்தானத்தைப் புகழ்ந்ததாகிவிடாது. இந்தத் தூண்கள் நின்ற திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்தால் சேலையைக் கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. பாவை விளக்குகளைப் பார்க்கவோ, 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை அவர்களுக்கு வழியே இல்லை.