பெட்டிக்குள் யார் பக்கத்தில் யார்

சுருட்டை ஈரம் காயாமல் வைக்கும் ஒரு நல்ல ஹியூமிடார் பெட்டியின் மூடியைத் தூக்கினால் முதலில் மூக்கில் ஏறுவது மரத்தின் மணம். புகையிலை கொஞ்சம் நிதானித்துத்தான் பின்னால் வரும். உள்சுவருக்குப் பெரும்பாலும் ஸ்பானிஷ் சிடார் பலகைதான் போடுவார்கள். வெப்பமண்டல அமெரிக்காவில் வளரும் இந்த மரம் நம் வேம்பின் குடும்பம். நம் மலைக்காடுகளில் வளரும் மதகிரி வேம்புக்கு நெருங்கிய உறவு. காற்றில் ஈரம் மிஞ்சினால் குடித்துக்கொள்ளும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். எளிதில் உளுத்துப் போகாது. பூச்சிக்கு அதன் வாசனை பிடிக்காது. இத்தனை குணத்துக்காகத் தேர்ந்தெடுத்த மரம், கூடவே தன் மணத்தையும் சுருட்டுக்குள் ஏற்றிவிடுகிறது. அதை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. நாம் ஆசைப்பட்டு அழைத்துக்கொண்ட மணம் அது.

வெவ்வேறு சுருட்டுகளை ஒரே பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மரத்தில் இருந்துதான் பதிலைத் தொடங்குவேன். பக்கத்தில் இருப்பதை உறிஞ்சுவது புகையிலையின் பிறவிக்குணம். அந்தக் குணம் இல்லாவிட்டால் சுருட்டு என்ற கலையே இல்லை. உறிஞ்சாதே என்று இலைக்கு யாரும் கட்டளை போட முடியாது. எதன் பக்கத்தில் வைப்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. புகையிலை உடம்புக்குக் கேடு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அபூர்வமாக ஒன்றைப் பற்றவைக்கிறவர் அந்த ஒன்றையாவது அதன் சொந்தச் சுவையோடு பிடிக்கட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஹவானா சுருட்டு ஒன்று உருவாகும் விதத்தைப் பாருங்கள். கியூபாவின் பினார் டெல் ரியோ பகுதியில் வுவெல்டா அபாஹோ மண்ணில் விளைந்த இலைகளில், நன்றாக எரிவதற்கு வொலாடோ, மணத்துக்கு செக்கோ, காரத்துக்கு லிகேரோ என்று பிரித்து, அளவு பார்த்துச் சேர்த்து உள்ளே வைக்கிறார்கள். அதைப் பிடித்துக் கட்ட ஒரு இலை, அதன் மேல் பட்டுப்போல் ஒரு மேலிலை. சுருட்டி முடித்த கையோடு விற்பனைக்கு அனுப்பிவிடுவதில்லை. சிடார் மர அலமாரிகள் நிறைந்த ஓர் அறையில் அவற்றை ஆறப்போடுகிறார்கள். சுருட்டும்போது இலையில் ஏற்றிய ஈரம் அங்கேதான் வடிகிறது. வெவ்வேறு இலைகளின் எண்ணெய்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. முதல் வாரத்தில் தனித்தனியாக முட்டிக்கொண்டு நிற்கும் காரமும் மணமும் பிறகு ஒரே குரலில் பேசத் தொடங்கும். ஆக, ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறுவதை நம்பித்தான் தொழிற்சாலையே ஓடுகிறது.

இதே குணத்தை வேறு திசையில் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். நிகராகுவாவின் எஸ்டெலி நகரில் ட்ரூ எஸ்டேட் நிறுவனம் செய்யும் ‘ஆசிட்’ வகைச் சுருட்டுகளுக்கு மூலிகையும் நறுமண எண்ணெயும் சேர்த்து இலைக்கு மணம் ஏற்றுகிறார்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நாம் சொல்வதைத் தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். இந்த வகையை மட்டமாகப் பேசும் ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அதை விரும்பிப் பிடிக்கிறவருக்கு அது நல்ல சுருட்டுதான். ஆனால் மணம் ஏற்றிய ஒரு சுருட்டைச் சாதாரணச் சுருட்டுகளோடு மூடிய பெட்டியில் வைத்தால், அந்தத் தொழிற்சாலை வேண்டுமென்றே செய்த வேலை நம் வீட்டில் நமக்குத் தெரியாமல் நடக்கும்.

சிங்கப்பூரில் ஒரு நண்பர் வீட்டில் அதை நாக்கில் பார்த்திருக்கிறேன். அவர் கையில் எடுத்துக் கொடுத்தது ஓயோ டி மான்டெரே எபிக்யூர் நம்பர் 2. ஹவானாவில் மென்மையான வகைகளில் ஒன்று. மரமும் மெலிதான கோக்கோவும் காய்ந்த புல்லும் கலந்து வரும். கையில் எடுத்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மேலிலை வழுவழுப்பாக இருந்தது, விரலால் அமுக்கினால் மெதுவாக இறங்கி ஏறியது. நுனியை வெட்டி, பற்றவைக்காமலேயே ஒரு முறை இழுத்தேன். வனிலா. உதட்டில் இனிப்பு கொஞ்சமும் இல்லை, மூக்கின் பின்பக்கத்தில் மட்டும் வனிலா. மணம் ஏற்றிய சுருட்டுகள் பலவற்றில் வாய் வைக்கும் நுனிக்குச் சர்க்கரைப் பூச்சும் இருக்கும். சர்க்கரை காற்றில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போகாது; வாசனை போகும். பற்றவைத்த பிறகு முதல் பாதி முழுக்க அந்த வனிலா முன்னால் வந்து நின்றது. கோக்கோ எட்டிப் பார்க்கவேயில்லை. பாதிக்கு மேல் இலையின் காரம் எழுந்து வந்து அதைத் தள்ளியது, ஆனால் அதற்குள் மென்மையான பகுதி எரிந்து போயிருந்தது. யாரோ பரிசாகக் கொடுத்த, காப்பியும் வனிலாவும் ஏற்றிய நாலு குட்டிச் சுருட்டு அந்தப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மூலையில் இருந்தது. ஓயோ இருந்தது மேல்தட்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

தட்டு வேறு, தடுப்பு வேறு என்பதெல்லாம் தொடுவதை மட்டும்தான் தடுக்கும். பெட்டிக்குள் காற்று ஒன்றுதான். சிடார் பலகையை நடுவில் செருகினால் மேலிலைகளின் எண்ணெய் ஒன்றோடொன்று ஒட்டாது. காற்றில் மிதக்கும் மணத்துக்கு அது வாசற்படி மாதிரிகூட இல்லை.

இதனாலேயே நான் நாட்டையும் காரத்தையும் வைத்துச் சுருட்டுகளைப் பிரிப்பதில்லை. பலர் ஹவானாவையும் நிகராகுவாவையும் ஒரே பெட்டியில் வைக்க அஞ்சுகிறார்கள். ஹவானாவுக்குள்ளேயே பார்ட்டகாஸ் காரமானது, ஓயோ மென்மையானது, சேர்த்து வைத்தால் ஓயோ கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். வாயில் தெரியும் காரமும் காற்றில் பரவும் வாசனையும் வேறு வேறு. சாதாரண இலையில் செய்த இரண்டு சுருட்டுகள், ஒன்றை ஒன்று தொடாமல், சில மாதம் ஒரே பெட்டியில் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஐந்தாறு வருஷம் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை; அப்போது தனித்தனியாக வைப்பதே நல்லது.

அஞ்ச வேண்டியது புகையில் பதப்படுத்திய இலைக்கு. இத்தாலியின் டொஸ்கானோ சுருட்டு கென்டக்கி வகை இலையில் செய்வது. அந்த இலையை விறகுப் புகையில் காய வைக்கிறார்கள். 1815-ல் ஃப்ளோரன்ஸில் மழையில் நனைந்து புளித்துப்போன புகையிலையை வீணாக்க மனமில்லாமல் சுருட்டப் போய்ப் பிறந்தது என்று அதன் பிறப்புக்கு ஒரு கதை சொல்வார்கள். முரட்டு அழகுள்ள சுருட்டு அது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு ஹவானா பெட்டிக்குள் டொஸ்கானோவை வைத்தால் பெட்டி முழுக்க அடுப்படி வாசனைதான். ஹவானாவைவிடக் காய்ந்த நிலையில் பிடிப்பது அதன் மரபு என்பதால் அதற்கு ஹியூமிடாரே அவசியமில்லை. நல்ல மூடி போட்ட தகர டப்பா போதும். பைப்புக்குப் போடும் லட்டாக்கியா புகையிலையும் புகையில் வாட்டியதுதான். சுருட்டுப் பெட்டியில் இடம் இருக்கிறதே என்று பைப் புகையிலையைச் செருகுகிற பழக்கத்தை யாரிடம் பார்த்தாலும் நான் எடுத்து வெளியே வைக்கச் சொல்லிவிடுவேன்.

நம் ஊர்ச் சுருட்டும் இதே வரிசையில்தான் வரும். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ல் வந்த தன் முதல் கதையிலேயே சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லும் அளவுக்கு அது உலகம் அறிந்த சரக்கு. உறையூர்ச் சுருட்டின் வாசனை அடர்த்தியானது, கூச்சமே இல்லாதது. யாழ்ப்பாணத்துக் கோடாச் சுருட்டில் அதற்கு மேல் இனிப்பும் சேரும். இரண்டுக்கும் தனி டப்பா வேண்டும். இதில் அவற்றுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருப்பதன் குரலை அமுக்கிவிடும் வலு அவற்றுக்கு உண்டு, அவ்வளவுதான்.

இன்னொரு பிரிவினையைப் பலர் யோசிப்பதில்லை: வயது. சுருட்டிச் சில மாதமே ஆன ஹவானா பெட்டியைத் திறந்து முகர்ந்தால் சில சமயம் அமோனியா சுள்ளென்று ஏறும். இலை புளித்ததன் மிச்சம் அது. பொறுத்திருந்தால் தானே போய்விடும். பத்து வருஷம் ஆன சுருட்டோ காரம் அடங்கி, மெல்லிய மணத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். கொடுப்பதற்கு அதனிடம் அதிகமில்லை, வாங்கிக்கொள்ளத்தான் அதனால் முடியும். அதன் பக்கத்தில் அமோனியா வீசும் புதுச் சரக்கை வைப்பது சரியல்ல. புதியதை அது வந்த பெட்டியோடேயே, மூடியைத் திறக்காமல் தனியே வையுங்கள்.

வந்த பெட்டியிலேயே வைப்பது என்பது பெரிய சேகரிப்பாளர்களின் வழியும்கூட. அலமாரி அளவு ஹியூமிடாருக்குள் பெட்டி பெட்டியாக அடுக்குவார்கள். ஒவ்வொரு வகையும் தன் மரத்துக்குள், தன் இனத்தோடு பழுத்துக்கொண்டிருக்கும். 1961 ஜனவரியில் கென்னடி பதவியேற்றபோது நடிகர் மில்டன் பெர்ல் அவருக்கு ஒரு ஹியூமிடார் பரிசளித்தார். 1996-ல் சதபீஸ் ஏலத்தில் அது 5,74,500 டாலருக்குப் போனது. கென்னடிக்குப் பிடித்த சுருட்டு ‘பெட்டிட் உப்மன்’. அப்படிப் பிடித்த ஒரே வகையை நிரப்பி வைக்கிறவருக்கு எந்தப் பெட்டியும் போதும். மூன்று நாட்டுச் சரக்கில் நாலு நாலாக வாங்கி வைக்கும் நமக்குத்தான் இத்தனை யோசனையும்.

அப்படிச் சில்லறையாக வாங்குகிறவருக்குத் துணை இரண்டு. ஒன்று செலோஃபேன் உறை. மரக்கூழில் செய்த அந்தத் தாள் ஈரத்தை உள்ளே விடும், வாசனையைத் தாமதப்படுத்தும். நிகராகுவா, டொமினிக்கன் சுருட்டுகள் பெரும்பாலும் அந்த உறையோடுதான் வரும். வீட்டுக்கு வந்ததும் உரித்து எறியாதீர்கள். பல வருஷம் இருந்தால் இலையின் எண்ணெய் ஏறி அது தேன் நிறத்துக்கு மஞ்சளாகும். வயதான சுருட்டை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதே அந்த மஞ்சளைத்தான். இன்னொன்று அலுமினியக் குழாய். உள்ளே மெல்லிய சிடார்ச் சீவல் சுற்றி, திருகு மூடி போட்டு வரும். மூடியைத் திறக்காத வரை அது ஒரு தனி வீடு. உறையும் இல்லாமல் குழாயும் இல்லாமல் வரும் மென்மையான சுருட்டுதான் பெட்டிக்குள் மிக எளிதில் வாசனை ஏற்றுக்கொள்ளும். இடம் ஒதுக்கும்போது முதல் கவனம் அதற்குத் தர வேண்டும்.

ஈரமும் சூடும் கூடினால் வாசனை அலைவதும் கூடும். 70 சதவீத ஈரப்பதம் என்பது பழைய கணக்கு. கலவையாக வைக்கும் பெட்டிக்கு 65-ஐ நான் விரும்புகிறேன். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வெளிக்காற்றே பல நாள் 70-ஐத் தாண்டும், ஏசி போட்டால் சடாரென்று இறங்கும். அதனால் ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த போவேடா பைகள் இங்கே தண்ணீர் ஊற்றும் பழைய கருவியைவிட உத்தமம். குழாய்த் தண்ணீர் மட்டும் எந்தக் கருவியிலும் வேண்டாம். குளோரின் வாசனையும் வாசனைதான். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிந்து, சுருட்டில் ஊசித்துளை விழும்.

வாசனை ஏறிவிட்ட பெட்டியை மீட்க முடியுமா? சுருட்டுகளை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரியோ ஆக்டிவேட்டட் கார்பனோ போட்டுச் சில வாரம் விட வேண்டும். பிறகும் மணம் நின்றால் மெல்லிய உப்புத்தாளால் உள்பலகையை லேசாகத் தேய்க்கலாம். புது மரம் மேலே வரும். வார்னிஷ் மட்டும் பூசக் கூடாது. அதோடும் போகவில்லையென்றால் அந்தப் பெட்டியை மணம் ஏற்றிய சுருட்டுகளுக்கே ஒதுக்கிவிடுங்கள். அதிலிருந்து எடுத்த சுருட்டுகளை உடனே இன்னொரு நல்ல பெட்டிக்குள் போட வேண்டாம். காலியான சிடார்ப் பெட்டி ஒன்றில் தனியே வைத்து, மாதம் ஒரு முறை சுருட்டின் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். மேலிலையில் மட்டும் படிந்த மணம் மெல்ல இறங்கும். உள்ளிலை வரை போய்விட்டது இறங்காது. அதை யாருக்கும் பரிசாகக் கொடுக்காமல் நீங்களே பிடித்துத் தீர்த்துவிடுங்கள்.