முகம் உண்டு, கதை இல்லை

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'கேங்ஸ் ஒஃப் நியூயோர்க்' (2002) நம்மில் பலருக்கு வெறும் வெட்டுக்குத்துப் படமாகவே அறிமுகம். பத்து ஒஸ்கார் பரிந்துரைகள் பெற்று ஒன்றையும் வெல்லாத படம். களம், 1860களில் நியூயோர்க்கின் ஃபைவ் பொயின்ட்ஸ் சேரி. பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஒருபுறம். 'இது எங்கட மண்' என்று கத்தியோடு நிற்கும் பில்லின் கூட்டம் மறுபுறம். தன் தந்தையைக் கொன்ற பில்லைப் பழிவாங்க வருகிறான் அம்ஸ்டர்டாம்.

குடியேறிகளின் நிலையைச் சொல்வதில் இப்படம் சோடைபோகவில்லை. துறைமுகக் காட்சி ஒன்று போதும். கப்பலால் இறங்கியவர்களிடம் குடியுரிமைக்கு ஒரு கையெழுத்து, இராணுவத்துக்கு ஒரு கையெழுத்து. உடனே சீருடை கொடுத்து வேறொரு கப்பலில் ஏற்றுகிறார்கள். அதே இடத்தில் போரில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் இறங்குகின்றன. வசனம் தேவைப்படவில்லை.

எனது உயர்தர மாணவன் ஒருவன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், அம்ஸ்டர்டாமிட கூட்டத்தில கறுப்பினத்தவன் ஒருத்தனும் இருக்கான்தானே. பிறகென்ன குறை?" இருக்கிறான்தான். ஜிம்மி ஸ்பொய்ல்ஸ் அவன் பெயர். தேவாலயத்தில் அவன் நிற்பதை ஒருவன் ஆட்சேபிக்கும் காட்சியும் உண்டு. ஆனால் அவனுடைய வீடு எங்கே, அவனுக்கு யார் இருக்கிறார்கள், அவன் எதற்குப் பயப்படுகிறான்? படம் கேட்பதே இல்லை.

இந்தக் குறை படத்தின் இறுதியில்தான் பெரிதாகிறது. 1863 ஜூலை 13 முதல் 16 வரை நடந்த கட்டாய ஆட்சேர்ப்புக் கலவரம் அது. 300 டொலர் கட்டினால் போருக்குப் போகாமல் தப்பலாம் என்றது சட்டம். ஏழைகள் கொதித்தது நியாயம். ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் விழுந்தது? கறுப்பினத்தவர் தெருவில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். விளக்குக் கம்பங்களில் தூக்கப்பட்டார்கள். ஐந்தாம் அவனியூவில் இருந்த கறுப்பினச் சிறார்களின் அநாதை இல்லம் கொளுத்தப்பட்டது. 200க்கு மேற்பட்ட பிள்ளைகள் உயிர் தப்பியதே பெரிய காரியம். கொளுத்தியவர்களில் ஏராளமானோர் அயர்லாந்துக் குடியேறிகள்.

படம் இந்தக் கொலைகளை மறைக்கவில்லை. சில கணங்கள் காட்டுகிறது. ஆனால் கமரா அவசரமாகத் திரும்பிவிடுகிறது, இரண்டு வெள்ளையரின் பழிதீர்ப்புச் சண்டைக்கு. நகரத்தையே உலுக்கிய படுகொலை அதற்குப் பின்னணி ஆகிவிடுகிறது.

'வரலாறு அப்படி, இயக்குநர் என்ன செய்வார்?' என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. பில்லுக்கு மூலமான வில்லியம் பூல் 1855இலேயே இறந்துபோனவர். தன் கதைக்காக அவரை 1863 வரை வாழவைத்தவர், ஜிம்மிக்கு ஒரு வீட்டையும் ஒரு தாயையும் கொடுத்திருக்க முடியாதா?

எத்தனை இனத்தவர் திரையில் நிற்கிறார்கள் என்று தலை எண்ணுவது பிரதிநிதித்துவம் ஆகாது. யாருடைய துக்கத்தை நம்மைச் சுமக்க வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதைவிடக் கஷ்டமான கேள்வியும் ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகம் தன் கதையைச் சொல்லும்போது தான் பட்ட அடியை மட்டும் சொன்னால் போதுமா, தன் கை செய்ததையும் சொல்ல வேண்டாமா? அயர்லாந்தவரின் பசியை இவ்வளவு கவனமாகக் காட்டிய படம், அவர்களின் கையிலிருந்த தீப்பந்தத்தையும் அதே கவனத்தோடு பார்த்திருந்தால் அவர்களுக்கு ஒரு இழுக்கும் வந்திருக்காது. முழு மனிதர்களாகத் தெரிந்திருப்பார்கள். ஜிம்மியும் தெரிந்திருப்பான்.