சேறு அறிந்த கால்கள்

கல்கத்தா கால்பந்து லீகை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதை டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாம். ஹில்சா மீனா இறாலா, கிழக்கு வங்கமா மேற்கு வங்கமா என்று அந்த மோதலைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஜூலை மாதத்தில் ஒரு வாரநாளாகப் பார்த்து, மதியம் மூன்று மணிக்கு, ஏரியான், டாலிகஞ்ச் அக்ரகாமி போன்ற சின்ன கிளப்புகள் மோதும் ஆட்டத்துக்குப் போங்கள். காலையில் நல்ல மழை பெய்திருந்தால் இன்னும் விசேஷம். கூட்டம் இருக்காது. உறுப்பினர் அட்டையோடு வந்த பென்ஷன்காரர்கள், ஆட்டக்காரர்களின் அண்ணன் தம்பிகள், மழைக்கு ஒதுங்கியவர்கள், அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டுமே மிச்சமிருக்கும் ஒரு வித்தையை அங்கே பார்க்கலாம். சேற்றில் பந்தாடும் வித்தை.

பருவமழை கொட்டும் மாதங்களாகப் பார்த்து ஒரு லீகை நடத்துவது விசித்திரமாகத் தோன்றலாம். வெள்ளைக்காரன் போட்ட கணக்கு அது. குளிர்காலத்தில் கிரிக்கெட், மழைக்காலத்தில் கால்பந்து, இரண்டுக்கும் கல்கத்தா நடுவிலுள்ள மைதான் என்ற ஒரே திடல். 1898இல் லீக் ஆரம்பித்தபோது முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட். அப்புறம் முப்பத்தைந்து வருஷம் வரை எந்த இந்திய கிளப்புக்கும் அது கிடைக்கவில்லை. 1911இல் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினொரு பேரில் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார், மற்றவர்கள் வெறுங்கால். ஷீல்டு நாக்-அவுட் போட்டி. நாலைந்து ஆட்டத்தில் முடிந்துவிடும். லீக் அப்படியில்லை, மழைக்காலம் முழுக்க இழுக்கும். காய்ந்த புல்லில் வெறுங்கால்காரன் பந்தை விரலால் வருடிக்கொண்டு போவான். மழை பெய்த தரையில் அதே கால் வழுக்கும், பூட்ஸ்காரனின் ஆணி மண்ணைக் கவ்விப் பிடிக்கும். பட்டாளத்து டீம்களுக்கு வானமும் துணை நின்றது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது முகமதன் ஸ்போர்ட்டிங். ஈரத் தரையில் எல்லோரும் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று பழக்கினார்கள். தென்னாட்டிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். 1934இல் லீகை வென்ற முதல் இந்திய கிளப் ஆனார்கள். 1938 வரை ஐந்து வருஷமும் அவர்களே. இதில் சமூகப் பெருமிதம், அரசியல் என்று எவ்வளவோ உண்டு. நான் பார்ப்பது கால்களை மட்டும். தரையைப் படித்தவனுக்குத்தான் லீக் என்ற பாடம் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

சரி, சேற்றில் எப்படி ஆடுவது? நனைந்த புல்லில் பந்து வழுக்கி வேகம் எடுக்கும். இரண்டு கஜம் தள்ளித் தேங்கிய தண்ணீரில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். ஒரே உதைக்கு இரண்டு தலைவிதி. அதனால் தேர்ந்த ஆட்டக்காரன் ஆட்டம் தொடங்கும் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுகிறான். இளையவர்கள் பந்தைத் தட்டி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது, முப்பது தாண்டிய ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரன்) ஒருவன் தன் பெனால்டி பகுதியில் சும்மா நடப்பான். குதிகாலால் அங்கங்கே அழுத்திப் பார்ப்பான். எங்கே கால் புதைகிறது, எங்கே தண்ணீர் பொங்குகிறது என்று மனசுக்குள் வரைபடம் ஒன்று தயாராகிறது. அரைமணி கழித்து, எதிரணி சென்டர் ஃபார்வர்டு பந்தோடு பாய்ந்து வரும்போது அவன் குறுக்கே விழமாட்டான். இரண்டடி விலகி நின்று அந்தப் பையனைக் குட்டைப் பக்கம் ஓடவிடுவான். பந்து குட்டையில் நிற்கும். பையன் நிற்க முடியாமல் தாண்டிப் போவான். இவன் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வருவான். கைதட்டல் விழாது, அவன் என்ன செய்தான் என்று பார்த்தவர்கள் பத்துப் பேர்தான் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருப்பதற்குத்தான் நான் போகச் சொல்கிறேன்.

திரும்புவதிலும் தனி இலக்கணம் உண்டு. காய்ந்த தரையில் காலை ஊன்றிச் சட்டென்று வெட்டித் திரும்புவது அழகு. சேற்றில் அப்படித் திரும்பினால் ஊன்றிய கால் உங்களை விட்டுவிட்டுத் தனியே போய்விடும். அதனால் சின்னச் சின்ன அடி, அகலமான வளைவு. ஏமாற்றுவதெல்லாம் தோளில்தான். தோளைக் கொஞ்சம் சாய்த்து எதிராளியின் எடையைத் தப்புப் பக்கம் மாற்றிவிட்டால் போதும், மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். பாஸ் கொடுப்பதும் தரையோடு தரையாக இல்லை. பந்துக்கு அடியில் பெருவிரல் பக்கத்தைக் கொடுத்து ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள், சேற்றைத் தாண்டி ஆளின் காலடியில் போய் விழும். விங் ஆட்டக்காரன் கோட்டை ஒட்டியே ஓடுவான். நடுக்களமும் கோல் வாயும் முதலில் குழம்பாகும், ஓரத்தில்தான் புல் கடைசி வரை தாங்கும். கோல் அடிக்கிறவன் வலையின் மூலையைக் குறிவைப்பதில்லை. கோல்கீப்பருக்கு ஒரு கஜம் முன்னால் தரையில் குத்துகிற மாதிரி அடிப்பான். ஈரப் பந்து எப்படி எழும்பும் என்று அவருக்கே தெரியாது, கையில் பட்டுச் சிதறும். சிதறும் என்று நம்பி இன்னொருவன் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருப்பான்.

பந்து மண்ணைத் தொடுவதற்குள் அதைச் சந்தித்துவிடுவது இன்னும் உசத்தி. 1978 லீகில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக மோகன் பகானின் ஷியாம் தாப்பா உடம்பைப் பின்னால் சாய்த்து அந்தரத்தில் அடித்த வாலியைப் பற்றிக் கல்கத்தாவில் இன்றும் பேசுகிறார்கள். அதற்கு முந்தின வருஷம் பெலேயும் காஸ்மாஸ் அணியும் ஈடன் கார்டன்ஸுக்கு வந்தபோது மழையில் களம் ஊறிக் கிடந்தது. மோகன் பகான் அவர்களை 2–2 என்று நிறுத்திவைத்தது. அன்றைய மோகன் பகானின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சேறு அவர்களுடைய சொந்தச் சேறு.

இந்த ஆட்டக்காரர்கள் யார்? முழுநேரத் தொழில்முறைக்காரர்கள் இல்லை, பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களும் இல்லை. லீகின் பல அணிகளின் பெயரே அலுவலகப் பெயர்தான்: ஈஸ்டர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், போலீஸ், பி.என்.ஆர். கால் திறமைக்கு வேலை, வேலைக்குக் கால். துளசிதாஸ் பலராமை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத் பக்கம் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1957இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1961இல் அவர் தலைமையில்தான் அந்த அணி லீகை வென்றது, அதிக கோல் அடித்தவரும் அவரே. ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்ட மனிதர் கடைசியில் போய்ச் சேர்ந்தது ரயில்வே அணியான பி.என்.ஆருக்கு. நோயால் இருபத்தாறு இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டிவந்தது. அவருக்கு முந்தைய தலைமுறையில் ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடப்பட்ட முன்வரிசை ஐவர் – அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே – எல்லோரும் தெற்கிலிருந்து போனவர்கள். வங்காளிகள் தங்கள் ஆட்டம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும்போது இதை நினைவுபடுத்துவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இப்போது வேலை கிடைப்பது குறைந்துவிட்டது. சின்ன கிளப்பில் ஆடும் பையனின் வருஷ வருமானம் லீகிலிருந்து வருவதைவிட ‘கேப்’ ஆடி வருவது அதிகமாக இருக்கும். பேட்டையிலோ மாவட்டத்திலோ ஒருநாள் போட்டி நடத்துகிறவர்கள் கையில் காசு கொடுத்து ஆள் கூட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் ‘கேப்’. மழைக்காலம் முடிந்ததும் அந்த வேட்டை தொடங்கும். ஒரே நாளில் இரண்டு ஊரில் ஆடுகிறவர்களும் உண்டு. கிளப் அதிகாரிகள் இதைக் கண்டிப்பார்கள், கால் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் முன்பின் தெரியாத பத்துப் பேரோடு, தெரியாத தரையில், ஒரு மணி நேரத்தில் கூட்டு சேர்ந்து ஆடிப் பழகியவனிடம் ஒரு சமயோசிதம் வரும். அதை எந்த அகாடமியிலும் நான் பார்த்ததில்லை.

மைதான் ராணுவத்துக்குச் சொந்தம். நிரந்தரக் கட்டடம் எழுப்ப விடமாட்டார்கள். அதனால் கிளப் என்றால் டென்ட், கேலரி என்றால் மரப்பலகை. அந்தக் காலத்தில் டிக்கெட் கிடைக்காதவர்கள் மைதானை ஒட்டிய கோட்டைப் பக்கத்து மேட்டில் நின்று, அட்டைக் குழாயில் கண்ணாடி வைத்துச் செய்த பெரிஸ்கோப்பில் எட்டிப் பார்ப்பார்களாம். தரையைப் பேணுகிறவர்களுக்கு மாலி என்று பெயர். மழை விட்டதும் சாக்கோடும் மணலோடும் இறங்குவார்கள், கரைந்துபோன சுண்ணாம்புக் கோட்டைத் திரும்பப் போடுவார்கள். இந்த லீகின் பாதி ரசனை மாலிகளின் கையில் இருக்கிறது. முழுசாகச் சகதியானால் ஆட்டம் உதையாட்டமாகிவிடும், முழுசாகக் காய்ந்தால் சாதாரண ஆட்டம். நடுவில் எங்கோ ஒரு பதம் இருக்கிறது, அதை அவர்கள் கைகளுக்குத் தெரியும்.

பெரிய ஆட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் லீக் ஆட்டம், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். களத்தில் மூண்ட சண்டை கேலரிக்குப் பரவி, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்தார்கள். அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு ‘டெர்பி ஜுரம்’ என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

சின்ன டீம்கள் பட்டம் வாங்குவது அபூர்வம். 1958இல் பி.கே. பானர்ஜியின் ஈஸ்டர்ன் ரயில்வே வாங்கியது. அதற்கப்புறம் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளே மாற்றி மாற்றி. ஈஸ்ட் பெங்கால் மட்டும் 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு. 2019இல் பியர்லெஸ் என்ற அலுவலக அணி அந்த அறுபது வருஷச் சுவரை இடித்தது. கடைசி நாளில் அவர்கள் தங்கள் ஆட்டத்தை வென்றார்கள். அதே நேரம், பட்டத்துக்குப் போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்காலின் கிரவுண்டில் தண்ணீர் தேங்கி அந்த அணியின் ஆட்டமே நடக்கவில்லை. மழை இந்த ஒரு தடவை சின்னவன் பக்கம் நின்றது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணை என்பது இங்கே ஒரு விருப்பம் மாதிரி. 2024 சீசனின் பட்டம் யாருக்கு என்பது வழக்கு, முறையீடு என்று மறு ஆண்டுக்கு இழுத்தது. பாதி ஆட்டங்கள் பாராசாத், நைஹாட்டி, கல்யாணி என்று மைதானை விட்டு வெளியே போய்விட்டன. செயற்கைப் புல்லில் ஆடப்படும் ஆட்டத்தில் நான் இதுவரை சொன்ன எதற்கும் வேலையில்லை. பெரிய கிளப்புகள் தங்கள் முதல்தர ஆட்டக்காரர்களை தேசிய லீகான ஐ.எஸ்.எல்.லுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இளைஞர்களை லீகுக்கு அனுப்புகின்றன. இதைப் பலர் இழிவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, சீரான புல் என்று வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையனை, நேற்றுவரை எங்கோ கேப் ஆடிக்கொண்டிருந்த முப்பத்து நாலு வயது ஸ்டாப்பர் குட்டைப் பக்கம் ஓடவிடும் காட்சி முன்னெல்லாம் இவ்வளவு அடிக்கடி கிடைத்ததில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று. குடையை விரித்தால் பின்வரிசைக்காரர் திட்டுவார், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காராமல், பெனால்டி பகுதிக்கு நேரே பக்கவாட்டில் உட்காருங்கள், ஸ்டாப்பரின் கால் அங்கிருந்துதான் தெரியும். டென்ட் கேன்டீனில் ஸ்டூவும் டோஸ்டும் நன்றாக இருக்கும். இடைவேளை வரை காத்திருந்தால் தீர்ந்துபோகும், ஆட்டத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.