இருபது முகப் பகடையும் வானொலிக் காதும்

முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் நடக்கும் இடத்தில் விளையாடுபவர் நாலு பேர் என்றால் பார்ப்பவர் எட்டுப் பேர். சாட்டிக் கடற்கரை மரநிழல் ஆனாலும் வேலணையில் ஒரு வாசிகசாலைத் திண்ணை ஆனாலும் கணக்கு அதுதான். துரும்பு கவிழ்ந்து கிடக்கிறது. அது என்னவென்று வைத்தவருக்குத் தெரியும். அவருடைய முதுகுக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரியும், ஆனால் அவர் வாய் திறக்கக்கூடாது. அந்த அவஸ்தைதான் அவருக்குக் கிடைக்கும் இன்பம். பிறர் விளையாடுவதை மணிக்கணக்காக ஒலிபரப்பும் பொட்காஸ்ட்டுகளை ஆர் கேட்பார்கள் என்று வியப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

நான் சொல்வது மேசையைச் சுற்றியிருந்து ஆடும் கதையாட்டங்களை. ஒருவர் கதையை நடத்துவார். அவர் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் கேட்பார். ஒருவர் உடைக்கிறேன் என்பார், இன்னொருவர் மரியாதையாகத் தட்டிப் பார்க்கிறேன் என்பார். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் இந்த வகைக்கு மூத்தது. இன்று அதன் அடையாளம் இருபது முகப் பகடை. 20 விழுந்தால் மேசை துள்ளும். 1 விழுந்தால் இன்னும் கூடத் துள்ளும். பலகை தேவையில்லை, காய் கட்டாயமில்லை. எல்லாம் வாயால் நடக்கிறது. வாயால் நடப்பதைக் காதுக்குக் கொண்டுபோகலாம் என்பது பெரிய கண்டுபிடிப்பல்ல. ஆனாலும் பொட்காஸ்ட் வந்த பிறகுதான் அது தனிக் கலையானது.

இந்தக் கலையில் நான் முதலில் கேட்கச் சொல்வது 'தி அட்வென்ச்சர் ஸோன்'. ஜஸ்டின், ட்ராவிஸ், கிரிஃபின் என்று மூன்று மக்எல்ராய் சகோதரர்கள். கூட அவர்களுடைய தகப்பன் கிளின்ட். சகோதரர்கள் ஏற்கெனவே நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். 2014இல் மூத்தவருக்குப் பிள்ளை பிறக்கவிருந்த நேரம் அதில் இடைவெளி விழாமல் இருக்க, தகப்பனையும் இருத்தி விளையாடி அதைப் பதிவுசெய்து போட்டார்கள். நிரப்புத்துண்டாக வந்தது தனித் தொடராகி, முதல் பெருங்கதை 69 பாகங்கள் ஓடி, 2017 ஓகஸ்டில் முடிந்தது. அடுத்த ஆண்டு அது படக்கதை நூலாகி நியூயோர்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

இந்த வெற்றியைவிட எனக்குப் பிடித்தது அந்தத் தகப்பன். கிளின்ட் மேற்கு வேர்ஜீனியாவில் நெடுங்காலம் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். குரல் பண்பட்டது, விதிகள்தான் மண்டையில் ஏறாது. தன் பாத்திரம் மந்திரம் போடக்கூடிய ஒரு பூசகர் என்பதையே இடைக்கிடை மறந்துபோவார். பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். வேறொரு குழு இதையெல்லாம் வெட்டி எறிந்திருக்கும். இவர்கள் விட்டுவைத்தார்கள். நாம் ஒரு மந்திரவாதியின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டுக்குள்ளும் இருக்கிறோம். இரண்டும் ஒரே குரலில் வருகின்றன.

கதையை நடத்துபவர் கடைசித் தம்பி கிரிஃபின். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் ஆரம்பப் பெட்டியோடு வரும் அச்சிட்ட கதையை வைத்துத்தான் தொடங்கினார். சில பாகங்களுக்குள் அதைக் கைவிட்டுச் சொந்தக் கதைக்கு வந்தார், பின்னணி இசையையும் தானே அமைத்தார். அவருடைய கெட்டித்தனம் கற்பனையில் இருப்பதாக எல்லாரும் சொல்வார்கள். அது அவருடைய ஞாபகசக்தியில் இருக்கிறது என்பேன் நான். முதல் பாகங்களில் ஆரோ ஒருவர் சிரிப்புக்காகச் சொன்ன ஒரு சொல்லை அவர் எங்கோ குறித்துவைக்கிறார். ஓராண்டு கழித்து அதே சொல் திரும்பி வரும்போது சிரிப்பு வராது, தொண்டை அடைக்கும். எழுதிவைத்த நாடகத்தில் இது சாதாரண உத்தி. எழுதாத நாடகத்தில், மற்ற மூவரும் அடுத்த நிமிடம் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியாத இடத்தில், இதைச் செய்வதற்குப் பொறுமையும் காதும் வேண்டும்.

அடுத்தது, பதிவை வெட்டித் தொகுக்கும் கை. நல்ல குழுக்கள் ஒவ்வொருவர் குரலையும் தனித் தனித் தடத்தில் பதிகிறார்கள். அப்போதுதான் இருவர் ஒன்றாகக் கதைத்த இடத்தில் ஒருவரைத் தணிக்கலாம், இருமலை எடுக்கலாம். விதிப்புத்தகத்தைப் புரட்டுகிற ஐந்து நிமிடம் கட்டாயம் போகவேண்டும். போகக்கூடாதது ஒன்று உண்டு: பகடை மேசையில் உருண்டு நின்று, எண்ணைப் பார்த்தவர் அதைச் சொல்வதற்கு எடுக்கும் அந்தச் சிறு நேரம். அவசரக்காரத் தொகுப்பாளர் அதை வெறும் மௌனம் என்று நினைத்துச் சுருக்கிவிடுவார். அந்த இடத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி கேட்கும், கதிரை முனகும். எண் வருமுன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

பகடையே இல்லாத ஓர் ஆட்டமும் இருக்கிறது. பெயர் 'ட்ரெட்', பேய்க்கதைகளுக்கென்று செய்தது. ஆபத்தான எதையாவது செய்வதென்றால் ஜெங்கா என்ற மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவவேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவருடைய பாத்திரம் கதையிலிருந்து போய்விடும். இதைக் காதால் கேட்டுப்பாருங்கள். கட்டையோடு கட்டை உரசும் ஒலி, மேசையில் ஒருவரும் கதைக்காத நேரம், பிறகு அத்தனையும் சடசடவென்று கொட்டும் சத்தம். எந்த ஒலிக்கலைஞரும் இதைவிட நல்ல பயத்தைச் செய்து தர முடியாது.

பகடை ஆட்டங்களிலும் எல்லாம் ஒரு மாதிரியல்ல. வின்சன்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் கொண்டுவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இரண்டு சாதாரண ஆறுமுகப் பகடையில் ஓடுகிறது. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேலே என்றால் நினைத்தது நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் வில்லங்கம். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்கவேண்டும். வெறும் பகடைக் கணக்கில் 36க்கு 15 தடவை இந்த நடுப்பகுதிதான் விழும். கதை பிறப்பது அங்கேதான். கதவு திறந்தது, ஆனால் சத்தம் கேட்டு ஆரோ விழித்துவிட்டார்கள். வெற்றி தோல்வி மட்டும் உள்ள ஆட்டம் கேட்பவரை விரைவில் களைக்கச் செய்யும். இந்த 'ஆனால்' களைக்காது. ஆஸ்டின் வோக்கர் நடத்தும் 'ஃப்ரெண்ட்ஸ் அட் தி டேபிள்' இந்த மரபில் வந்த ஆட்டங்கள் பலவற்றை எடுத்தாண்டு, சொந்த உலகங்களைக் கட்டுகிறது. கொஞ்சம் கனமானது. ஆனால் கேட்கத் தக்கது.

இனி வலையமைப்பு. ஒரு நிகழ்ச்சி நடத்துவது ஒரு மேசையை நடத்துவது. பல நிகழ்ச்சிகளை ஒரு பெயரின் கீழ் நடத்துவது வேறு வேலை. சிக்காகோவில் எழுதாமல் நடிக்கும் இம்ப்ரொவ் நாடகம் பழகிய ஜேம்ஸ் டமாட்டோ 2013இல் தொடங்கிய 'வன் ஷொட்' இதற்கு நல்ல உதாரணம். ஒரே இருப்பில் முடியும் கதை, சில பாகங்கள், பிறகு வேறு ஆட்டம், வேறு ஆட்கள். கடையில் கண்ணில் படாத சின்ன ஆட்டங்கள் எத்தனையோ இப்படித்தான் காதுக்கு வந்தன. அதைச் சுற்றி மற்ற நிகழ்ச்சிகள் சேர்ந்து வலையமைப்பாயின. வலையமைப்பை நடத்துபவருடைய ரசனை தெரிவது அவர் எவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார் என்பதில். ஒரே டிராகனை ஆறு குழுக்கள் துரத்தினால் அது கடை, வலையமைப்பு அல்ல. காசு விஷயம் சுருக்கமாக: விளம்பரம் கொஞ்சம், நேயர் சந்தா மிச்சம். மக்எல்ராய்க் குடும்பத்தின் நிகழ்ச்சிகள் வந்த மெக்ஸிமம் ஃபன், நேயர் காசில் வளர்ந்து 2023இல் தொழிலாளருக்கே சொந்தமான கூட்டுறவாக மாறியது. எங்கள் பக்கத்துப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கவனிக்கலாம்.

பெயர் பெற்ற 'கிரிட்டிக்கல் ரோல்' பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பார்கள். 2015இல் தொடங்கியது, தொழில்முறைக் குரல்நடிகர்கள், 2019இல் காட்டூன் எடுக்க நேயர்களிடம் ஏழரை லட்சம் டொலர் கேட்டு ஒரு கோடிப் பத்து லட்சத்துக்கும் மேலே திரட்டினார்கள். நடிப்பு உயர்தரம். ஆனால் பாகம் ஒன்று மூன்று நாலு மணித்தியாலம், வெட்டு இல்லை. காதால் மட்டும் கேட்பவனுக்கு அது பெருஞ்சாப்பாடு.

காது என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இலங்கை வானொலி ஞாபகம் வருகிறது. இந்தப் பொட்காஸ்ட்டுகளுக்குப் புதியவர்களின் முதல் முறைப்பாடு, ஆர் கதைக்கிறார் என்று பிடிபடவில்லை என்பது. மூன்று சகோதரர்களின் குரலும் ஒன்றுபோல இருந்தால் என்ன செய்வது? 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நாடகத்தை எழுதிய எஸ். ராமதாஸ் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார். மரைக்கார் முஸ்லிம்களின் தமிழ் கதைப்பார், உபாலி சிங்களவருடைய தமிழ், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், ஐயர் ஐயர்த் தமிழ். வாய் திறந்ததும் ஆளைத் தெரியும். 1976இல் 'கோமாளிகள்' என்று படமாக வந்தபோதும் சனம் முதலில் காதால்தான் அடையாளம் கண்டது. கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்'றில் ஒற்றை ஆளாக நின்று ஒரு பஸ்ஸையே நிரப்பினார். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வாராவாரம் வீடுகளை றேடியோவுக்குப் பக்கத்தில் இருத்தியது. எங்களுடைய காது பழகிய காது.

எழுதாமல் ஆடுவதும் எங்களுக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது, சில சமயம் மேடையில்தான் சந்திப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிய கதையும் பாட்டும் பொது விதிப்புத்தகம். நடுவில் வரும் தர்க்கம் அந்த இரவில் அந்த இருவருக்குள் பிறப்பது. பகடை ஒன்றுதான் குறை. பொட்காஸ்ட்டுக்காரர்கள் பத்தாண்டாகப் பழகும் வித்தையின் பாதி அங்கே இருக்கிறது.

ஆகவே யாழ்ப்பாணத் தீவகத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிராகனோடு தொடங்கவேண்டாம். குறிகட்டுவான் துறை, நெடுந்தீவுக்குப் போகும் கடைசிப் படகு, ஏறிய நாலு பேர், அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று தொடங்குங்கள். இரண்டு ஆறுமுகப் பகடை போதும். ஒருவர் நெடுந்தீவார், ஒருவர் மட்டக்களப்பார், ஒருவர் ஸ்காபரோவில் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டால் குரல் குழம்பாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் சாட்டிக் கரையில் மைக் வைத்துப் பயனில்லை. காற்றும் பனையோலையும்தான் பதியும். யன்னலைச் சாத்தி, சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்தால் அறை எதிரொலிக்காது. மூன்று மணித்தியாலம் ஆடி ஒரு மணித்தியாலமாக வெட்டுங்கள். அம்மா தேத்தண்ணி வேணுமோ என்று கேட்ட இடத்தை வெட்டவேண்டாம். நல்ல மைக் வாங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கையிலிருக்கும் போன் தொடங்குவதற்குப் போதும்.