யார் கடனை யார் அடைப்பது?

சமணனுக்குக் கிறிஸ்தவ இறையியலில் என்ன வேலை என்று மலர்க் குழுவினரே என்னிடம் கேட்டார்கள். நாற்பது வருஷமாக அகமதாபாத்தில் துணி வியாபாரம் பார்ப்பவன் நான். கடன், வட்டி, ஜாமீன், தள்ளுபடி எல்லாம் எனக்குப் பழகிய பாஷை. இயேசுவின் சிலுவை மரணத்தை இதே பாஷையில் விளக்கும் நூல் ஒன்று உண்டென்றால் விடுவேனா?

காண்டர்பரிப் பேராயர் அன்செல்ம், இங்கிலாந்து அரசனோடு பிணங்கி இத்தாலியில் தங்கியிருந்தபோது 1098-இல் முடித்த நூல் அது. 'கடவுள் ஏன் மனிதரானார்' என்பது லத்தீன் தலைப்பின் பொருள். போசோ என்ற சீடர் கேட்க, ஆசிரியர் விடை சொல்கிறார். நான் ஆங்கிலத்தில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

மனிதன் பிசாசிடம் அடகு போனான், கிறிஸ்துவின் உயிரே மீட்புப் பணம் என்று அவருக்கு முன் பலர் சொல்லியிருந்தார்கள். திருடனுக்கு ஏது பாத்தியதை என்று அன்செல்ம் அதைத் தள்ளிவிடுகிறார். பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் இருப்பது. பறித்ததைத் திருப்பினால் மட்டும் போதாது, அவமதிப்புக்கு ஈடாக மேற்கொண்டும் தர வேண்டும். மனிதனிடம் உபரி ஏது? அவன் இனிச் செய்யும் நன்மை எல்லாம் எப்படியும் செய்ய வேண்டியதுதானே! இந்த வருஷத்து வாடகையைக் கட்டிவிட்டால் பழைய பாக்கி தீருமா? கட்ட வேண்டியவன் மனிதன், கட்ட முடிந்தவர் கடவுள் மட்டுமே. ஆகவே இரண்டுமான ஒருவர் வேண்டும். பாவமற்றவர் சாக வேண்டியதில்லை. அவர் தாமாகக் கொடுத்த உயிருக்கான வெகுமதி அவருக்கே தேவைப்படாததால் மனிதர் பேரில் வரவு ஆகிறது.

பேரேடு பைசா பிசகாமல் நிற்கிறது. ஆனால் கடனைக் கட்டியாகிவிட்டால் மன்னிப்பு எங்கே, மன்னித்தாகிவிட்டால் கட்டுவானேன் என்று 1578-இலேயே சொசீனுஸ் என்ற இத்தாலியர் மடக்கிவிட்டார். மத்தேயு 18-ஆம் அதிகாரக் கதையில் பதினாயிரம் தாலந்தை ராஜா சும்மாவே தள்ளுபடி செய்கிறார், வேறு யாரும் கட்டவில்லை. பணக்கடன் கைமாறும், குற்றம் கைமாறாது என்பது 1793-இல் காண்ட் எழுப்பிய வாதம். இது நம் பக்கத்துக் கொள்கை மாதிரியே இருக்கிறது. வினை உயிரில் ஒட்டுகிறது, ஒட்டியவனே உதிர்க்க வேண்டும். தீர்த்தங்கரர் வழி காட்டுவார், சுமக்க மாட்டார். க்ஷமாவாணி நாளில் வீடு வீடாக மன்னிப்புக் கேட்கிறோமே, எதிராளி மன்னித்ததாலேயே நம் வினை உதிர்ந்துவிடுவதில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான், 1997 வரை. அந்த வருஷம் பேராசைப்பட்டு அதிகமாகக் கொள்முதல் செய்து மாட்டிக்கொண்டேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி, திருநெல்வேலிக் கிறிஸ்தவர், நான் கேட்காமலே என் பாக்கியைக் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுவந்து நீட்டினார். சந்தோஷம் வந்ததா? இல்லீங்க. ஒரு வருஷம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுற்றுவழியில் கடைக்குப் போனேன். கடன் கொடுத்தவனின் கணக்கு தீர்ந்தது, கடன்பட்டவன் தீரவில்லை. அன்செல்ம் நூலில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். கடன்பட்டவனுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அவர் இடம் கொடுத்தது மிகக் கொஞ்சம்.

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர் அடுத்த தலைமுறைக்காரர் அபெலார்து (1079–1142). சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதனுக்குள் அன்பை மூட்டுகிறது என்றார். எனக்கும் அதுதான் நடந்தது, மெதுவாக. ஆனால் அவரோடும் முழுக்கப் போக முடியவில்லை. எனக்குக் கடனே இல்லாதபோது அண்ணாச்சி பணத்தைக் கொண்டுபோய் சபர்மதியில் கொட்டியிருந்தால் அதற்கு அன்பு என்றா பெயர்? பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பேன். கடன் நிஜமாக இருந்தால்தான் அந்த அன்புக்குப் பொருள். அங்கே மறுபடி அன்செல்ம் வந்து நிற்கிறார். பாவத்தின் கனத்தை லேசாக எடுக்காதே என்று அவர் போசோவை அதட்டும் இடம் ஒன்று உண்டு. நூலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

மூன்று வருஷம் கழித்துப் பணத்தைத் திருப்பினேன். அண்ணாச்சி எண்ணாமலே பெட்டியில் போட்டார். "என் வினையை நீங்க எப்படி வாங்கிக்க முடியும் அண்ணாச்சி?" என்று அன்றுதான் வாய் திறந்து கேட்டேன்.

"நான் வினையவா வாங்குனேன், நயினாரே? அந்த சேட்டு வாசல்ல நீங்க நிக்கிறதப் பாக்க முடியல" என்றார்.