அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜாஸ் கல்வி: ஒரு மதிப்பீடு

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவாக்கிய இசை. எழுதிவைத்ததை அப்படியே வாசிக்காமல், மேடையில் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பது இதன் உயிர்நாடி. இதைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட வரலாறு வழக்கமாக 1947 என்ற ஆண்டிலிருந்து சொல்லப்படுகிறது. அந்தத் தொடக்கத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

முதல் பட்டப்படிப்பு

1947இல் டெக்சாஸ் மாநிலம் டென்டன் நகரின் வடக்கு டெக்சாஸ் மாநில ஆசிரியர் கல்லூரி (இன்றைய வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம்) ஜாஸில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதை நடத்தியவர் ஜீன் ஹால். ஜாஸ் என்ற சொல்லுக்கு அன்று கல்விக்கூடங்களில் மதிப்பில்லாததால், பாடத்துக்கு ‘நடன இசைக்குழு’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சூழலில் இது துணிச்சலான முயற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே கல்லூரியில் அன்று கறுப்பின மாணவர் சேர முடியாது. இளநிலைப் படிப்பில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1956இல், அதுவும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான். இசையை உருவாக்கியவர்களின் பிள்ளைகள் அந்த இசைக்கான வகுப்பறைக்கு வெளியே நின்றார்கள். பல கட்டுரைகள் முதல் செய்தியைச் சொல்லி, இரண்டாவதை விட்டுவிடுகின்றன.

பட்டம் இல்லாத பள்ளிகள்

சிகாகோவின் டுசேபில் உயர்நிலைப் பள்ளியில் 1930களிலிருந்து இசை கற்பித்தவர் வால்டர் டயெட். கண்டிப்புக்குப் பெயர்போனவர். ஜீன் அமன்ஸ், ஜானி கிரிஃபின் போன்ற சாக்ஸஃபோன் கலைஞர்கள் அவருடைய மாணவர்கள். அவர் பட்டம் வழங்கவில்லை. ஆகவே பல்கலைக்கழக வரலாற்றில் அவருக்கு இடமும் இல்லை.

1968க்குப் பின்

குடியுரிமைப் போராட்டம் இந்நிலையை மாற்றியது. 1968 மார்ச்சில் ஹாவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றி, கறுப்பின வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் பாடத்திட்டத்தில் இடம் கேட்டார்கள். அக்காலத்தில்தான் ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் அங்கே கற்பிக்க வந்தார். இந்தியானாவில் டேவிட் பேக்கர் ஜாஸ் துறையை வளர்த்தார். 1970களின் தொடக்கத்தில் ஆர்ச்சி ஷெப், மேக்ஸ் ரோச் இருவரும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் ஆனார்கள்.

மதிப்பீடு

பல்கலைக்கழகம் ஜாஸுக்கு நன்மையும் செய்தது. இரவு விடுதிகள் மூடப்பட்ட காலத்தில் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. பழைய இசைத்தட்டுகள் பாடப்பொருளாயின. இழப்பும் உண்டு. தேர்வுத்தாள் திருத்திய எவருக்கும் தெரியும்: மதிப்பெண் போட முடிந்தவையே நாளடைவில் பாடமாக நிலைக்கும். சுரவரிசைக்கு மதிப்பெண் போடலாம். மூத்த கலைஞரின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டதற்கு எப்படிப் போடுவது?

கல்வி வரலாறு படிக்கும் மாணவர்கள், ‘முதன்முதலில்’ என்ற சொல்லைக் காணும்போது, அந்த ஆண்டில் அங்கே யார் சேர முடியவில்லை என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும்.